வலி அறிதல்

நுழையும்முன்

இரவில் ஒளிதரும் விளக்கு முதல் கையில் தவழும் கைப்பேசி வரை, மீண்டும் மீண்டும் மின்னேற்றிப் பயன்படுத்தும் மின்கலங்கள் இன்று இல்லங்கள்தோறும் நிறைந்துள்ளன. அவற்றைச் சேமித்து வைக்கத் தெரிந்த அளவுக்குச் சோதித்து அறிய நமக்குத் தெரிந்திருக்கிறதா? ஒரு குடும்பம் ஒரு புயல் இரவில் கற்றுக்கொண்ட பாடத்தை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

வெயிலில் காய்ந்த கட்டைகள்

பட்டுக்கோட்டைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட சிற்றூர் ஒன்றில், தென்னந்தோப்பை ஒட்டிய ஓட்டு வீட்டில் வாழ்ந்து வருகிறார் பெரியவர் ஒருவர். அஞ்சலகத்தில் எழுத்தராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். எதையும் எழுதிவைக்கும் வழக்கம் பணிக்காலத்திலேயே அவரிடம் படிந்துவிட்டது.

அவருடைய இளமைக் காலத்தில் அவ்வீட்டில் இருந்த மின்கலங்கள் இரண்டே இரண்டு. அவை தந்தையாரின் டார்ச் விளக்கில் இருந்தன. ஊரார் அவற்றைப் ‘பேட்டரிக் கட்டை’ என்பர். ஒளி மங்கத் தொடங்கியதும் தந்தையார் கட்டைகளை வெளியே எடுத்து, ஓட்டின்மேல் வெயிலில் காயவைப்பார். மாலையில் எடுத்துப் பொருத்தினால் விளக்கு மேலும் சில நாள் எரியும். அன்றைய மக்கள் பட்டறிவால் கண்ட சிக்கனம் அது. வெப்பம் வேதிவினையைச் சற்றே விரைவுபடுத்துவதால், எஞ்சிய சிறிதளவு ஆற்றலும் வெளிப்பட்டுவிடும். ஆனால் செலவான ஆற்றல் வெயிலால் திரும்பி வருவதில்லை. ஒருமுறை தீர்ந்தால் தீர்ந்ததே என்னும் வகையைச் சேர்ந்தவை அக்கட்டைகள்.

காலம் மாறியது. வீட்டுக்கு இன்வெர்ட்டர் வந்தது. அதனுடன் பெரிய பேட்டரி ஒன்றும் வந்தது. மின்னேற்றும் கைவிளக்கு, வானொலிக்கான சிறு மின்கலங்கள், கைப்பேசிகள் என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இவை வெயிலைத் தேடவில்லை. சுவரில் உள்ள மின்செருகியைத் தேடின. பச்சை விளக்கு எரிந்தால் நிறைந்துவிட்டது என்று பொருள். அவ்வளவு போதும் என்று வீட்டார் நினைத்தனர். பெரியவரும் அப்படியே நினைத்தார்.

பச்சை விளக்கு சொன்ன பொய்

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் விடியுமுன் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன; மின்கம்பங்கள் முறிந்து விழுந்தன. பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல நாள்கள் ஆயின.

அந்த ஊரில் முந்தைய நாள் இரவே மின்சாரம் நின்றுவிட்டது. பெரியவர் கலங்கவில்லை. இன்வெர்ட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூடத்தில் ஒரேயொரு சிறு விளக்கை மட்டும் ஏற்றிவைத்துவிட்டு, மனைவியையும் பேத்தியையும் நடுவறையில் அமரச் செய்தார். பேத்தி அப்போது ஐந்தாம் வகுப்பு மாணவி.

பெரியவரின் மனைவிக்கு நெடுநாளாக ஆஸ்துமா உண்டு. ஈரக்காற்றும் அச்சமும் சேர்ந்து, நள்ளிரவுக்குப் பின் அவருக்கு மூச்சிரைப்பு முற்றியது. கையில் வைத்து உறிஞ்சும் மருந்துக் குப்பி காலியாகியிருந்தது. நெபுலைசர் இருந்தது; அதற்குரிய மருந்தும் இருந்தது. பெரியவர் மருந்தை ஊற்றி, முகமூடியைப் பொருத்தி, விசையைத் தட்டினார். நெபுலைசரின் மோட்டார் ஓரிரு நொடி உறுமியது. இன்வெர்ட்டர் கீச்சென்று ஒலியெழுப்பி அடங்கியது. விளக்கும் அணைந்தது.

மீண்டும் முயன்றார். மீண்டும் அதுவே நிகழ்ந்தது. கைவிளக்கை எடுத்தார். மாதக் கணக்கில் மின்னேற்றாமல் கிடந்த அது, செந்நிறமாக ஒருகணம் மினுக்கி அணைந்தது. இருளில் மனைவியின் மூச்சு இழுபடும் ஓசை மட்டும் கேட்டது. புயலின் இரைச்சலுக்கு நடுவிலும் அந்த ஓசை பேத்தியின் காதில் தெளிவாக விழுந்தது.

“அப்பாயி, என் கையைப் பிடிச்சுக்கோங்க” என்று அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

காற்றுச் சற்றுத் தணிந்தபோது அடுத்த வீட்டு இளைஞர் வாசலில் குரல் கொடுத்தார். நிலைமையை அறிந்ததும் ஒன்றும் பேசாமல் திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில், தம் டிராக்டரின் பேட்டரியைக் கழற்றிச் சாக்கில் சுற்றித் தோளில் சுமந்து வந்தார். இன்வெர்ட்டரின் பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டு, சிவப்புக் கம்பியை நேர்முனையிலும் கறுப்புக் கம்பியை எதிர்முனையிலும் பொருத்தினார். நெபுலைசர் இயங்கியது. முகமூடியில் வெண்புகைபோல் மருந்து பரவியது. பொழுது விடியும்போது அந்த அம்மையார் சுவரில் சாய்ந்து உறங்கினார்.

விழுந்த மரங்களை ஊரார் வெட்டி வழி உண்டாக்கியபின்னரே அவரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடிந்தது. அவர் நலமாகத் திரும்பினார். ஆனால் பெரியவரின் மனத்தில் ஒரு வினா தங்கிவிட்டது. பச்சை விளக்கு எரிந்ததே. பின் ஏன் பேட்டரி கைவிட்டது?

ஆறு அறைகளில் ஓர் அறை

மின்சாரம் திரும்பிய சில நாள்களில் பேட்டரிக் கடைக்காரர் ஒருவர் வந்து பார்த்தார். அவர் கையில் நீர்மமானி இருந்தது. இரப்பர்க் குமிழும் கண்ணாடிக் குழலும் கொண்ட எளிய கருவி அது. குழலுக்குள் ஒரு மிதவை இருக்கும். பேட்டரியின் அமிலக் கரைசலை உறிஞ்சினால், கரைசலின் அடர்த்திக்கு ஏற்ப மிதவை உயர்ந்தோ தாழ்ந்தோ நிற்கும்.

இன்வெர்ட்டரில் பயன்படும் காரீய அமில பேட்டரியினுள் ஆறு அறைகள் உள்ளன. ஒவ்வோர் அறையும் தனித்தனி மின்கலம். ஒன்றின் மின்னழுத்தம் ஏறத்தாழ 2.1 வோல்ட். ஆறும் தொடராக இணையும்போது 12.6 வோல்ட் கிடைக்கிறது. மின்னிறக்கம் நிகழும்போது கந்தக அமிலம் தகடுகளோடு வினைபுரிந்து காரீய சல்பேட்டாக மாறுகிறது, கரைசல் நீர்த்துப்போகிறது. மின்னேற்றும்போது இவ்வினை திரும்ப நிகழ்ந்து அமிலம் மீள்கிறது. எனவேதான் கரைசலின் ஒப்படர்த்தி பேட்டரியின் நிலையைக் காட்டும் கண்ணாடியாகிறது.

கடைக்காரர் ஐந்து அறைகளைச் சோதித்தார். மிதவை 1.240 அளவை ஒட்டி நின்றது. ஆறாம் அறையில் அது 1.120க்குத் தாழ்ந்தது. அந்த அறையில் நீர் வற்றி, தகடுகளின் மேற்பகுதி வெளியே தெரிந்தது. காற்றுப்பட்ட தகட்டில் சல்பேட் படிகங்கள் இறுகி வெண்மை பூத்திருந்தன. இறுகிய படிகங்கள் எளிதில் கரைந்து மீள்வதில்லை. அதனால் அந்த அறையின் அக மின்தடை மிகுந்துவிட்டது.

“ஆறு பேர் தூக்குற பாரத்துல ஒருத்தர் தளர்ந்துட்டார், ஐயா. சும்மா நிக்கிறப்போ யாருக்கும் தெரியாது. தூக்குறப்போதான் தெரியும்” என்றார் அவர்.

உண்மையில் நிகழ்ந்தது அதுவே. பேட்டரி வாளாவிருக்கும்போது ஆறு அறைகளின் மின்னழுத்தமும் சேர்ந்து 12.3 வோல்ட்டுக்கு மேல் காட்டும். மின்னேற்றம் முடிந்த சிறிது நேரத்துக்கு இன்னும் கூடுதலாகவே காட்டும். அதைக் கண்டு பச்சை விளக்கு எரிந்தது. சிறு விளக்கொன்று கேட்ட மின்னோட்டத்தையும் பேட்டரி தந்தது. நெபுலைசரின் மோட்டாரோ அதைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தைக் கேட்டது. மின்னோட்டம் மிக மிக, அக மின்தடையால் இழக்கும் மின்னழுத்தமும் மிகும். மின்னழுத்தம் குறித்த எல்லைக்குக் கீழே சரிந்ததும் இன்வெர்ட்டர் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிட்டது. டிராக்டரின் பேட்டரியோ நாள்தோறும் எந்திரத்தைக் கிளப்பிப் பழகியது; தளர்ந்திருந்தால் அன்றாடம் காலையிலேயே தெரிந்திருக்கும்.

பிழை பேட்டரியுடையது மட்டுமன்று. இரண்டாண்டுகளாக ஒருவரும் மூடியைத் திறந்து நீர்மட்டத்தைப் பார்க்கவில்லை என்பதைப் பெரியவர் ஒப்புக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமைச் சோதனை

அன்று தொடங்கியது ஒரு வழக்கம். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டிலுள்ள மின்கலங்கள் எல்லாம் சோதிக்கப்படும். அளவுகள் பழைய கணக்கேடு ஒன்றில் பதியப்படும். அளந்து சொல்பவள் பேத்தி, எழுதுபவர் தாத்தா.

முதற்சோதனை கண்ணால் நிகழ்வது. பேட்டரியின் முனைகளில் வெண்பொடியோ பச்சைப்பொடியோ படிந்துள்ளதா, உறை உப்பியுள்ளதா, கசிவு உண்டா, தொட்டால் வழக்கத்துக்கு மாறாகச் சுடுகிறதா என்று பார்ப்பார்கள். காரீய அமில பேட்டரியில் நீர் குறைந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுவார்கள். கிணற்று நீரில் கரைந்துள்ள உப்புகள் தகடுகளைக் கெடுக்கும். மின்னேற்றத்தின்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வளிமம் வெளிப்படுவதால், சாளரம் திறந்திருக்கும். அருகில் விளக்கோ ஊதுவத்தியோ இராது. அமிலம் தெறித்தால் கண்ணைப் பறிக்கும் என்பதால் பேத்தி காப்புக் கண்ணாடி அணிவாள். வளையலைக் கழற்றி வைப்பாள். உலோகம் இருமுனைகளையும் ஒருசேரத் தொட்டால் பெருமின்னோட்டம் பாயும். கம்பியால் இருமுனைகளையும் உரசிப் பொறி பறக்கவைத்துப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அந்தப் பொறியே ஹைட்ரஜனைப் பற்றவைத்துவிடும்.

இரண்டாம் சோதனை மல்டிமீட்டரால் நிகழ்வது. மின்னேற்றி, சில மணிநேரம் ஓய்வு தந்தபின் மின்னழுத்தம் அளக்கப்படும். நிறைந்த காரீய அமில பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், ஏறத்தாழ 12.2 என்றால் பாதி தீர்ந்துள்ளது. வானொலியில் இடும் நிக்கல் உலோக ஹைட்ரைடு மின்கலத்துக்கு 1.2 வோல்ட் என்று பொறித்திருப்பினும், நிறைந்தவுடன் 1.4 வரை காட்டும். லித்தியம் அயனி மின்கலம் நிறைந்த நிலையில் 4.2 வோல்ட் காட்டும்.

இவ்வளவோடு நிறுத்திவிட்டால் பச்சை விளக்கை நம்பிய பழைய பிழையே மீண்டும் நிகழும். எனவே மூன்றாம் சோதனையே முதன்மையானது. அது பாரம் ஏற்றிப் பார்ப்பது.

வானொலியின் சிறு மின்கலத்தோடு 4.7 ஓம் மின்தடை ஒன்றை இணைப்பார்கள். அதன்வழி ஏறத்தாழ கால் ஆம்பியர் மின்னோட்டம் பாயும். மின்கலத்தின்மேல் 2000 மில்லி ஆம்பியர் மணி என்று பொறித்திருந்தால், அது ஏறக்குறைய எட்டு மணிநேரம் தாங்க வேண்டும். மணிக்கொரு முறை மின்னழுத்தம் அளக்கப்படும். 1.0 வோல்ட்டுக்கு இறங்கியதும் மின்தடையை நீக்கிவிடுவார்கள். ஏழு மணிநேரத்துக்கு மேல் நின்றால் நல்லது. நான்கு மணிநேரத்தில் இறங்கினால் அது பாதி வலிமையை இழந்துவிட்டது. வலிமை குன்றியதை வலிமையுடையவற்றோடு சேர்த்து இடலாகாது. தொடரில் உள்ள நலிந்த மின்கலம் முதலில் தீர்ந்துபோக, மற்றவை அதன்வழி மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்தி அதை மேலும் கெடுக்கும். ஆகவே ஒத்த வலிமையுடையவை ஒன்றாகக் கட்டப்படும்.

இன்வெர்ட்டர் பேட்டரியை அவ்வாறு முற்றிலும் தீர்த்துப் பார்ப்பதில்லை. அடியோடு வற்றவிடுவது காரீயத் தகடுகளுக்குக் கேடு. அதனால் சுவரிலுள்ள இணைப்பை நிறுத்திவிட்டு, ஒரே மின்விசிறியையும் ஒரே விளக்கையும் இரண்டு மணிநேரம் இயக்குவார்கள். முடிவில், அவை இயங்கிக்கொண்டிருக்கும்போதே மின்னழுத்தத்தை அளப்பார்கள். ஒரு மாதத்து அளவு பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஒரே பாரம், ஒரே கால அளவு என்று மாதந்தோறும் எழுதிய அளவுகளை வரிசையாகப் படித்தால் பேட்டரியின் வாழ்க்கை வரலாறே தெரியும்.

கைப்பேசியிலுள்ள லித்தியம் அயனி மின்கலத்தைப் பிரித்துச் சோதிக்கலாகாது. முப்பது விழுக்காடு காட்டிக்கொண்டிருந்த கைப்பேசி திடீரென அணைவது அக மின்தடை மிகுந்ததன் அடையாளம். உறை உப்பினால் அதற்கு மின்னேற்றக் கூடாது; அழுத்தவோ குத்தவோ கூடாது; அது தீப்பற்றக்கூடும்.

நெடிய பயணம்

பேத்தி உயர்வகுப்புக்கு வந்தபோது, இக்கலங்களின் வரலாற்றையும் தேடிப் படித்துக் கணக்கேட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதிவைத்தாள். 1800இல் இத்தாலியின் அலெசாண்ட்ரோ வோல்ட்டா தம் மின்னடுக்கை உலகுக்கு அறிவித்தார். 1859இல் பிரான்சின் காஸ்டன் பிளாண்டே, மீண்டும் மின்னேற்றத்தக்க காரீய அமில மின்கலத்தை உருவாக்கினார். 1899இல் சுவீடனின் வால்டமார் யுங்னர் நிக்கல் காட்மிய மின்கலத்தைக் கண்டார். லித்தியம் அயனி மின்கலம் 1991இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்டினஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவரும் 2019இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அப்போது குட்டினஃபின் அகவை 97.

தம் ஊருக்குத் தொலைவில்லாத காரைக்குடியிலேயே மின்வேதியியலுக்கெனத் தனி ஆராய்ச்சி நிறுவனம் 1948இல் தொடங்கப்பட்டது என்பதையும், அதற்கு வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் வழங்கினார் என்பதையும் அறிந்தபோது அவள் வியந்தாள். நூற்றாண்டுகள் கடந்து வந்த அறிவு, தன் வீட்டு மூலையில் ஆறு அறைகளாக அமர்ந்திருப்பதை அவள் புதிய கண்ணோடு பார்த்தாள்.

இரண்டாம் பக்கம்

கணக்கேட்டில் இன்னொரு வரிசையும் உண்டு. அது மின்கலங்களைப் பற்றியதன்று.

புயலுக்குப்பின் மருத்துவர் ஓர் உண்மையைச் சொன்னார். அந்த அம்மையாரின் மூச்சுத்திணறல் அன்றிரவு தொடங்கியதன்று. பல மாதங்களாகவே அவருடைய நுரையீரலின் திறன் குறைந்து வந்திருக்கிறது. வீட்டில் ஒருவருக்கும் அது தெரியவில்லை. “உடம்பு எப்படியிருக்கிறது?” என்று பெரியவர் நாள்தோறும் கேட்டிருக்கிறார். “எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்” என்று அவரும் நாள்தோறும் சொல்லியிருக்கிறார். நாற்காலியில் அமர்ந்து சொல்லும்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபின் அவர் தூணைப் பிடித்து நின்றதை ஒருவரும் நின்று பார்க்கவில்லை.

மருத்துவர் ‘பீக் ஃப்ளோ மீட்டர்’ என்னும் சிறு கருவியை வாங்கச் சொன்னார். ஆழ மூச்சிழுத்து ஒரே வீச்சில் ஊதினால், மூச்சு வெளிப்படும் வேகத்தை அது காட்டும். அதற்கு மின்கலம் வேண்டியதில்லை. ஒருவர் நலமாக இருக்கும்போது ஊதிய மிகுந்த அளவே அவருக்கு உரிய அளவுகோல். அதில் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் விழிப்புடன் இருக்க வேண்டும். பாதிக்குக் கீழே இறங்கினால் உடனே மருத்துவ உதவி தேட வேண்டும். அந்த அம்மையாரின் மிகுந்த அளவு 300. எனவே 240, 150 என்னும் இரு எண்களுக்கும் நேரே பேத்தி கோடு கிழித்து வைத்தாள். மின்கலங்களையும் முதலில் இருந்த கொள்ளளவில் எண்பது விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றத்தக்கவை என்று கருதுவது வழக்கம். இரண்டு பக்கங்களிலும் ஒரே எண்ணைக் கண்ட பெரியவர் சிறிதுநேரம் எழுதாமல் இருந்தார்.

திருக்குறளில் ‘வலியறிதல்’ என்று ஓர் அதிகாரம் உண்டு. செய்யும் வினையின் வலியையும் தன் வலியையும் துணையின் வலியையும் எண்ணிப் பார்த்துச் செயற்படுதலை அது கூறுகிறது. அரசர்க்குச் சொன்ன அறம் என்று எண்ணிப் படித்த பெரியவருக்கு, அது தம் வீட்டுக் கூடத்துக்கும் உரியது என்பது முதுமையில்தான் விளங்கியது.

ஓய்வும் மாற்றமும்

ஆறாண்டுகள் கடந்தன. பேத்தி இன்று பதினொன்றாம் வகுப்பில் பயில்கிறாள். புயலுக்குப்பின் வாங்கிய பேட்டரி, முதல் ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் இரண்டு மணிநேரப் பாரத்தின் முடிவில் 12.4 வோல்ட் காட்டியிருந்தது. இவ்வாண்டு ஆவணியில் அதே பாரத்தில் 12.0 காட்டியது. நீர்மமானியில் இரண்டு அறைகள் தாழ்ந்து நின்றன. பச்சை விளக்கு அப்போதும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

“தாத்தா, ஐப்பசி மழைக்கு முன்னாடி மாத்திடலாம்” என்றாள் பேத்தி.

பெரியவர் மறுப்பின்றி ஒப்பினார். பழைய பேட்டரி குப்பைக்குப் போகவில்லை. காரீயம் நிலத்தையும் நீரையும் நஞ்சாக்கும் என்பதால் அது கடைக்கே திருப்பித் தரப்பட்டது. பழைய மின்கலங்களைத் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்யும் பொறுப்பை உற்பத்தியாளர்மீது சுமத்தும் விதிகளை இந்திய அரசு 2022இல் வெளியிட்டுள்ளது. கைப்பேசியின் மின்கலங்களும் வானொலியின் சிறு மின்கலங்களும், முனைகளில் ஒட்டுநாடா சுற்றப்பட்டு, தனிப்பெட்டியில் சேர்க்கப்பட்டுச் சேகரிப்பிடத்துக்கு அனுப்பப்படுகின்றன.

புதிய பேட்டரி பொருத்தப்பட்ட அன்று, அதன் முதல் அளவு எழுதப்பட்டது. அதன்பின் பேத்தி தன் அப்பாயியிடம் சென்றாள். எப்படியிருக்கிறீர்கள் என்று அவள் இப்போதெல்லாம் கேட்பதில்லை. கொல்லைப்புறம் வரை சென்று, படியேறித் திரும்பி வரும்வரை உடன் நடப்பாள். திண்ணையில் அமரச் செய்து, மூச்சு நிலைகொள்ளும்வரை காத்திருப்பாள். பிறகு கருவியை நீட்டுவாள்.

“ஊதுங்க அப்பாயி.”

மும்முறை ஊதியபின் மிகுந்த அளவை அவள் உரக்கச் சொன்னாள்.

“இருநூற்று எழுபது.”

பெரியவர் நாளிட்டு எழுதிக்கொண்டார்.